இன்ஜின் பிளாக் ஹீட்டரும் மின்பாதுகாப்பும்: சுவர் சாக்கெட்டிலிருந்து இன்ஜின் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கனடா, அலாஸ்கா, ஃபின்லாந்து, சுவீடன் போன்ற கடுங்குளிர் நிலங்களில் வெப்பநிலை −20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, இன்ஜின் ஆயில் தேன்போல் இறுகி, பேட்டரியின் திறனும் குறைந்துவிடுவதால், வண்டியைக் கிளப்புவதே பெரும்பாடாகிறது. இரவில் நிறுத்திவைத்த வண்டியின் கூலன்டையோ (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலையோ மின்சாரத்தால் முன்கூட்டியே சூடாக்கித் தரும் சிறிய கருவிதான் பிளாக் ஹீட்டர். அமெரிக்காவின் வட டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் இத்தகைய ஹீட்டருக்கு 1949-இல் காப்புரிமை பெற்றார். அடிப்படை அமைப்பு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை: ஓர் உலோகக் குழாய், அதற்குள் ஒரு சூடேறும் கம்பி, வெளியே ஒரு வயர், அதன் முனையில் ஒரு பிளக்.

அமைப்பு எளியது என்பதற்காக இதை மற்ற வீட்டுச் சாதனங்களோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. இது வீட்டு மின்சாரத்தை, பனியும் உப்புநீரும் படிந்த ஓர் உலோக உடலுக்குள் கொண்டுசெல்கிறது. அந்த உலோக உடல் ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. அதே வயர் காலையில் கழற்றப்பட்டு, இன்ஜினின் அதிர்விலும் சூட்டிலும் நெடுந்தொலைவு பயணித்து, மாலையில் மீண்டும் மின்சாரத்தில் இணைக்கப்படுகிறது. எனவே இங்கே கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் ஹீட்டருக்கு வெளியே இருக்கின்றன. மின்சாரம் கைமாறும் ஒவ்வோர் இணைப்பும், அந்தப் பாதை நெடுகிலும் துணைவரும் எர்த் வயரும் சரியாக இருந்தால், அபாயத்தின் பெரும்பங்கு நீங்கிவிடும் என்பது என் மதிப்பீடு. கீழுள்ள படிகள் அந்தப் பாதையைப் பின்பற்றியே அமைந்துள்ளன.

படி 1: உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை, எத்தனை வாட்

இன்ஜினின் முக்கிய உலோக உடலான பிளாக்கில், உலோக மூடியால் அடைக்கப்பட்டிருக்கும் ஃப்ராஸ்ட் பிளக் துளையில் பொருத்தப்பட்டு, கூலன்டில் நேரடியாக மூழ்கியிருக்கும் வகையே வட அமெரிக்காவில் பரவலானது. ரேடியேட்டரின் கீழ்க்குழாயின் இடையில் பொருத்தப்படும் வகை, கூலன்டைச் சுழற்றும் தனித் தொட்டி வகை, ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனின் அடியில் ஒட்டப்படும் சிலிக்கோன் பட்டை, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை ஆகியவையும் உண்டு. நோர்டிக் எனப்படும் வட ஐரோப்பிய நாடுகளில், பிளாக்கின் வெளிப்பரப்பில் அழுத்திப் பொருத்தப்படும் தொடுவகை ஹீட்டர்களையும் காணலாம். இவற்றுள் காந்த வகை, நகர்ந்தோ கழன்றோ விழக்கூடியது என்பதால், அதைப் பொருத்தியபடியே வண்டியை ஓட்டக் கூடாது. ஆயில் பேன் அலுமினியத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனதென்றால் அது ஒட்டவே ஒட்டாது.

ஹீட்டரின் வாட் அளவை வண்டியின் கையேட்டிலோ, ஹீட்டரின் மேலோ, பிளக் அருகில் உள்ள சீட்டிலோ பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கார்களில் இது ஏறத்தாழ 400 முதல் 750 வாட் வரையும், பெரிய டீசல் வண்டிகளில் 1000 அல்லது 1500 வாட் வரையும் இருக்கும். பின்வரும் கணக்குகள் அனைத்துக்கும் இந்த எண்ணே அடிப்படை. வண்டியைச் செகண்ட்ஹேண்டாக வாங்கியிருந்தால், முந்தைய உரிமையாளர் வேறு ஹீட்டரைப் பொருத்தியிருக்கக்கூடும். அப்போது கையேட்டு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

பிளாக் ஹீட்டர்களும் அவற்றின் வயர்களும் தீ அபாயத்தின் காரணமாக உற்பத்தியாளர்களால் திரும்பப் பெறப்பட்ட நிகழ்வுகள் உண்டு. வண்டியின் அடையாள எண்ணையோ, தயாரிப்பு, மாடல், ஆண்டு விவரங்களையோ கொடுத்து, அத்தகைய திரும்பப்பெறும் அறிவிப்பு நிலுவையில் உள்ளதா என்று ஆண்டுக்கொருமுறையேனும் பார்த்துவிடுவது நல்லது. கனடாவில் அரசின் போக்குவரத்துத் துறையான டிரான்ஸ்போர்ட் கனடாவும், அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் என்எச்டிஎஸ்ஏ அமைப்பும் இதற்கான தேடல் வசதியை இலவசமாக வைத்துள்ளன.

படி 2: சுமையைக் கணக்கிடுதல்

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 120 வோல்ட் வழங்கும் வட அமெரிக்காவில், 400 வாட் ஹீட்டர் 3.3 ஆம்பியரும், 1000 வாட் ஹீட்டர் 8.3 ஆம்பியரும், 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியரும் இழுக்கும். 230 வோல்ட் வழங்கும் ஐரோப்பாவில் 550 வாட் ஹீட்டருக்கு 2.4 ஆம்பியர் போதும்.

எண்கள் சிறியவையாகத் தோன்றினாலும், இந்தச் சுமை மணிக்கணக்கில் இடைவிடாமல் ஓடுவது என்பதை மறக்கக் கூடாது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தொடரும் சுமை, பிரேக்கரின் அளவில் 80 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது வட அமெரிக்க மின்பணியில் கடைப்பிடிக்கப்படும் விதி. அதன்படி 15 ஆம்பியர் பிரேக்கரில் தொடர்ந்து எடுக்கத்தக்கது 12 ஆம்பியர்தான். 1500 வாட் ஹீட்டர் ஒன்று மட்டுமே அந்த எல்லையைக் கடந்துவிடுகிறது. அதற்கு 20 ஆம்பியர் மின்சுற்று தேவை. இரண்டு வண்டிகளை ஒரே சாக்கெட்டில் இணைப்பதற்கு முன்னும், வெளிச் சாக்கெட் இருக்கும் அதே சுற்றில் கேரேஜின் ஃப்ரீசரோ அறை ஹீட்டரோ உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேக்கரை அணைத்துவிட்டு, வீட்டில் எவையெல்லாம் நின்றுபோகின்றன என்று ஒரு சுற்றுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

பேட்டரியைச் சூடாக்கும் உறை, பேட்டரி சார்ஜர், ஆயில் பேன் பட்டை ஆகியவற்றை பானட்டுக்குள் ஒரே பிரிப்பானில் சேர்த்திருந்தால், எல்லாவற்றின் வாட்டையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். நோர்டிக் வண்டிகளில் கேபின் ஹீட்டரும் சேரும்போது மொத்தம் எளிதாக 2000 வாட்டை எட்டிவிடும். கேபினைச் சூடாக்க விரும்புவோர் வண்டிக்கென்றே தயாரிக்கப்பட்ட ஹீட்டரைத்தான் பொருத்த வேண்டும். வீட்டு ஃபேன் ஹீட்டரை இருக்கையின் மேலோ கால்வைக்கும் இடத்திலோ வைத்து, கதவிடுக்கு வழியாக வயரை இழுப்பது தீயை வலிய அழைப்பது.

படி 3: எர்த் இணைப்பை உறுதிசெய்தல்

ஹீட்டரின் மின்காப்பு பழுதாகி, மின்சாரம் உலோகக் குழாய்க்குக் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழாய் இன்ஜினைத் தொட்டிருக்கிறது. இன்ஜின் வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது. எர்த் வயர் சரியாக இருந்தால், கசியும் மின்சாரம் அதன் வழியாகப் பாதுகாப்பாகத் திரும்பி, பிரேக்கரையோ, மின்கசிவை உணர்ந்து சுற்றைத் துண்டிக்கும் கசிவுத் துண்டிப்பானையோ விழச்செய்யும். எர்த் வயர் அறுந்திருந்தால், டயர்களின் மேல் நிற்கும் வண்டியிலிருந்து அந்த மின்சாரம் நிலத்துக்கு இறங்க நல்ல வழி இல்லை. வண்டி முழுவதும் மின்னேற்றத்தோடு அமைதியாகக் காத்திருக்கும். பிரேக்கர் விழாது, ஹீட்டரும் வழக்கம்போலச் சூடாகும். ஈரமான தரையில் நின்றபடி ஒருவர் கதவின் கைப்பிடியைத் தொடும் கணத்தில், இல்லாதிருந்த அந்த வழி அவருடைய உடலாகிவிடும்.

ஆகவே மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுவதும், மூன்று முள்ளை இரண்டாக மாற்றும் அடாப்டரை இடையில் செருகுவதும், இரண்டு வயர் மட்டுமே உள்ள எக்ஸ்டென்ஷன் கார்டைப் பயன்படுத்துவதும் எந்தச் சூழலிலும் ஏற்கத்தக்கவை அல்ல. பழைய வண்டிகளில் எர்த் முள் முறிந்துபோன பிளக்கோடு ஆண்டுக்கணக்கில் ஹீட்டரை ஓட்டுவோர் உண்டு. இதுவரை ஒன்றும் நேரவில்லை என்பது ஹீட்டரின் மின்காப்பு இன்னும் பழுதாகவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது.

எர்த் தொடர்ச்சியை மல்டிமீட்டரால் நீங்களே சோதிக்கலாம். சுவர்ப்பக்கம் எதுவும் இணைக்கப்படாத நிலையில், எக்ஸ்டென்ஷன் கார்டை வண்டியின் பிளக்கோடு இணையுங்கள். மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைக் கார்டின் சுவர்ப்பக்க எர்த் முள்ளிலும், மற்றொன்றை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் படாத சுத்தமான உலோகப் பகுதியிலும் வைக்கவும். அளவு ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். பல ஓம்கள் காட்டினாலோ, எண் நடுங்கினாலோ, இடையில் எங்கோ ஓர் இணைப்பு அரித்துப்போயிருக்கிறது.

படி 4: சுவர் சாக்கெட்

வெளியில் உள்ள சாக்கெட், பிளக் செருகப்பட்ட நிலையிலும் மூடத்தக்க மழைக்காப்பு மூடியோடு இருக்க வேண்டும். செருகாதபோது மட்டும் மூடிக்கொள்ளும் தட்டையான மூடி இந்தப் பணிக்குப் போதாது. ஹீட்டர் ஓடுவது பனிபெய்யும் இரவுகளில்தானே.

அந்தச் சாக்கெட்டுக்குக் கசிவுத் துண்டிப்பான் காப்பு கட்டாயம் தேவை. வட அமெரிக்காவில் ஜிஎஃப்சிஐ எனப்படும் இது, ஏறத்தாழ 5 மில்லிஆம்பியர் கசிந்தாலே சுற்றைத் துண்டிக்கும். ஐரோப்பாவில் ஆர்சிடி எனப்படும் வகை 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும். பருவத் தொடக்கத்தில் ஒருமுறையும், பின்னர் மாதந்தோறும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாத துண்டிப்பானை, இல்லாததாகவே கருத வேண்டும்.

மூன்று விளக்குள்ள சிறிய சாக்கெட் சோதிப்பான் மலிவானது, பயனுள்ளது. எர்த் இல்லாமை, வயர்கள் இடம்மாறியிருத்தல் ஆகியவற்றை அது காட்டிக்கொடுக்கும். ஆனால், எர்த் முனையை யாரேனும் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலோடு கள்ளத்தனமாக இணைத்திருந்தால், அந்தச் சோதிப்பான் ஏமாந்துபோய், எல்லாம் சரி என்றே காட்டும். பழைய வீடுகளில் ஐயம் இருந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பார்ப்பதே முறை.

இன்னொன்று: பிளக்கைச் செருகும்போது சாக்கெட் அதை இறுகப் பிடிக்க வேண்டும். தன் எடையாலேயே பிளக் தொங்கிச் சரிகிறது என்றால், உள்ளே உள்ள பித்தளைத் தகடுகள் தளர்ந்துவிட்டன என்று பொருள். அந்தச் சாக்கெட்டை மாற்றுவதற்கு முன் ஹீட்டரை அதில் இணைக்க வேண்டாம். காரணம் அடுத்த படியில் விளங்கும்.

படி 5: எக்ஸ்டென்ஷன் கார்டு

எக்ஸ்டென்ஷன் கார்டே இந்தப் பாதையின் பலவீனமான பகுதி. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. முதலில், அது இல்லாமல் முடியுமென்றால் இல்லாமலேயே இருப்பது மேல். வண்டியை நிறுத்தும் இடத்துக்கு அருகில் ஒரு சாக்கெட்டைப் பொருத்திக்கொள்வது, பல கார்டுகளை வாங்கிக் கழிப்பதைவிட நிலையான தீர்வு.

கார்டு தேவைப்படுமானால், செம்புக் கம்பியின் தடிமன் முதலில் பார்க்க வேண்டியது. வட அமெரிக்கக் கேஜ் முறையில் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 15 மீட்டர் நீளமுள்ள 16 கேஜ் கார்டில், மின்சாரம் போகும் கம்பிக்கும் திரும்பும் கம்பிக்குமான மொத்த மின்தடை ஏறத்தாழ 0.4 ஓம். அதன் வழியே 1000 வாட் ஹீட்டரின் 8.3 ஆம்பியர் ஓடும்போது, கார்டிலேயே 27 வாட் வெப்பமாக வீணாகிறது. நீளமாக விரிந்து கிடக்கும் கார்டில் அந்த வெப்பம் குளிர்காற்றில் கரைந்துவிடும். அதையே சுருட்டி, கேரேஜின் உள்ளே ஒரு மூலையில் குவித்துவைத்தால், வெப்பம் வெளியேற வழியின்றி நடுச்சுருளில் தேங்கி, மின்காப்பை இளக்கிவிடும். சுருளில் சுற்றப்பட்ட கார்டாக இருந்தால், தேவை இரண்டு மீட்டர்தான் என்றாலும் முழுவதையும் வெளியே இழுத்துவிட்டே பயன்படுத்த வேண்டும்.

600 வாட்டுக்கு உட்பட்ட ஹீட்டருக்கு, 8 மீட்டருக்கு மேற்படாத 16 கேஜ் கார்டு போதுமானது. 1000 வாட்டுக்கு 14 கேஜ், 1500 வாட்டுக்கோ 15 மீட்டரைத் தாண்டும் நீளத்துக்கோ 12 கேஜ் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட் நாடுகளில் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஹீட்டருக்கு மட்டும் தாராளம். கேபின் ஹீட்டரும் சேர்ந்தாலோ கார்டு நீளமானாலோ 2.5 சதுர மில்லிமீட்டர் நல்லது. ஹீட்டர் உற்பத்தியாளர் இதைவிடத் தடித்த கம்பியைக் கேட்டால் அவர் சொல்வதே முடிவு.

அடுத்தது, மேலுறை. வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண பிவிசி உறை கடுங்குளிரில் விறைத்து, வளைத்த இடத்தில் விரிசல் விடும். அந்த விரிசலில் பனி உருகி உள்ளே இறங்கும். வட அமெரிக்கக் கார்டுகளில் உறையின் மேலேயே குறியெழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றின் ஈற்றில் வரும் டபிள்யூ என்ற எழுத்து, வெளிப்புறப் பயன்பாட்டுக்கு ஏற்றது என்பதைக் குறிக்கிறது. எஸ்ஜேடிடபிள்யூ என்பது பிளாஸ்டிக் வகை. எஸ்ஜேஇஓடபிள்யூ என்பது எண்ணெய் தாங்கும், குளிரிலும் நெகிழ்ந்து கொடுக்கும் வகை. பின்னது விலை கூடினாலும் கடுங்குளிரில் கையாள எளிது. நீண்ட நாள் உழைக்கும். ஐரோப்பாவில் எச்07ஆர்என்-எஃப் என்ற ரப்பர் உறைக் கேபிளை இதே பணிக்குத் தேர்ந்தெடுக்கலாம். எந்த நாட்டிலானாலும், அச்சிடப்பட்ட குறைந்தபட்ச வெப்பநிலை உங்கள் ஊரின் மிகக் குளிர்ந்த இரவைவிடக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது இணைப்புகளுக்கு வருவோம். தளர்ந்த அல்லது அரித்த ஓர் இணைப்பில் அரை ஓம் மின்தடை உருவாகியிருக்கிறது என்று கொள்ளுங்கள். 8 ஆம்பியர் அதன் வழியே ஓடும்போது, அந்த ஒரே புள்ளியில் 32 வாட் வெப்பம் பிறக்கிறது. சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றை பிளக்குக்குள் இரவு முழுவதும் வைத்திருப்பதற்கு இது சமம். கார்டின் 27 வாட் 15 மீட்டரில் பரவுகிறது. இந்த 32 வாட் ஒரு விரல்நுனி அளவு இடத்தில் குவிகிறது. இதில் பெரிய வஞ்சகம் என்னவென்றால், பிரேக்கரால் இதைக் கண்டுகொள்ள முடியாது. கூடுதல் மின்தடையால் மின்னோட்டம் சற்றுக் குறையவே செய்கிறது. பிரேக்கரோ மின்னோட்டம் மிகும்போதுதான் விழும். மின்சாரம் நிலத்துக்குக் கசியாததால் கசிவுத் துண்டிப்பானும் வாளாவிருக்கும். பழுப்பேறிய முள், உருகிச் சுருங்கிய பிளக் முகம், கருகிய வாடை ஆகியவையே இதற்கான எச்சரிக்கைகள். அவற்றைக் கண்டுபிடிப்பது உங்கள் கண்ணும் மூக்கும் கையும்தான்.

அதனால் புதிய கார்டை வாங்கிய முதல் நாளில் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். ஹீட்டரை இணைத்து அரை மணி நேரம் கழித்து, வெறும் உலர்ந்த கையால் ஒவ்வொரு பிளக்கின் பிளாஸ்டிக் உடலையும் தொட்டுப் பாருங்கள். உறைகுளிரில் கிடக்கும் பிளக் இளஞ்சூடாக இருப்பதே நல்ல அறிகுறி அன்று. சூடாகவே இருந்தால் உடனே மின்சாரத்தை அணைத்து, அந்த இணைப்பின் இரு பாதிகளையும் மாற்றவும். ஒரு பாதியை மட்டும் மாற்றினால், கருகிய பழைய தகடு புதிய முள்ளையும் கெடுத்துவிடும்.

ஒரு கார்டோடு இன்னொரு கார்டைத் தொடுப்பது, இணைப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. தேவையான நீளத்தில் ஒரே கார்டை வாங்குங்கள். நடுவில் வெட்டுப்பட்ட கார்டை டேப் சுற்றி ஒட்டி வெளியில் பயன்படுத்தக் கூடாது. கார்டைக் கதவிடுக்கிலோ கேரேஜ் கதவின் அடியிலோ நசுங்க விடாதீர்கள். நடைபாதையின் குறுக்கே போடாதீர்கள். பனியில் புதைய விடாதீர்கள். பனியகற்றும் எந்திரத்தின் சுழலும் தகடு, புதைந்த கார்டைப் பார்க்காது.

படி 6: பானட்டுக்குள் செல்லும் வயர்

இந்த வயர் வெளிக் கார்டைவிடக் கடுமையான வாழ்க்கை வாழ்கிறது. எக்ஸாஸ்ட் குழாய், ஃபேன், பெல்ட், ஸ்டீயரிங் பாகங்கள், கூர்மையான உலோக விளிம்புகள் ஆகியவற்றிலிருந்து அது விலகியிருக்க வேண்டும். சூடு தாங்கும் பட்டைகளால் கட்டி, ஹீட்டரின் முனையருகே சற்றுத் தளர்வு விடவேண்டும். இன்ஜின் அசையும்போது இறுக்கமான வயர் முனையைப் பிய்த்துவிடும். எலிகள் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான இன்ஜின் அறையைத் தேடி வரும் என்பதால், கடித்த தடங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் முன்புறம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளக்குக்கு மூடி ஒன்று அவசியம். சாலையில் தூவப்படும் உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அது முட்களுக்கிடையே படிந்தால் கசிவும் அரிப்பும் ஒருசேர நிகழும். முட்களைத் துடைத்து, மின்காப்புக் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவுவது ஈரத்தைத் தடுக்கும். பனிக்கட்டி அடைத்திருந்தால், வீட்டுக்குள் அறைவெப்பத்தில் உருகவிடலாம் அல்லது உலர்ந்த துணியால் அகற்றலாம். லைட்டராலும் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியாலும் உருக்குவோர், பனியோடு பிளக்கின் பிளாஸ்டிக்கையும் உருக்கிவிடுகிறார்கள்.

படி 7: குளிர் தொடங்கும் முன் ஹீட்டரையே சோதித்தல்

வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் ஹீட்டரின் மின்தடை கிடைக்கும். 120 வோல்ட்டில் 400 வாட் ஹீட்டர் 36 ஓம், 600 வாட் 24 ஓம், 1000 வாட் 14.4 ஓம், 1500 வாட் 9.6 ஓம். 230 வோல்ட்டில் 550 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 96 ஓம். எதனோடும் இணைக்கப்படாத வண்டிப் பிளக்கின் இரு மின்முட்களுக்கிடையே மீட்டரை வைத்தால் இந்த எண்ணுக்கு அருகில் காட்ட வேண்டும். மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே ஷார்ட் உள்ளது. எல்லையற்ற மின்தடை காட்டினால் சூடேறும் கம்பியோ வயரோ அறுந்திருக்கலாம்.

ஆனால் இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. இது தெரியாமல் நல்ல ஹீட்டரைத் தூக்கியெறிவோர் பலர். சில வண்டிகளின் வயரிலேயே ஒரு தெர்மோஸ்டாட் பொதிக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ −18 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அது சுற்றை மூடும். இலையுதிர் காலத்தின் இதமான பகலில் சோதித்தால், மீட்டர் எல்லையற்ற மின்தடையையே காட்டும். கையேட்டைப் பார்த்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு மின்முள்ளுக்கும் எர்த் முள்ளுக்கும் இடையே அளந்தால் மின்தடை எல்லையற்றதாக இருக்க வேண்டும். சாதாரண மீட்டரின் சிறிய பேட்டரியால் எல்லாக் கசிவையும் வெளிப்படுத்த முடியாது. துண்டிப்பான் அடிக்கடி விழுமானால், 500 வோல்ட் மின்காப்புச் சோதிப்பானைக் கொண்டு பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள்.

மூழ்குவகை ஹீட்டருக்குக் கூலன்ட் இல்லாமல் ஒரு கணமும் மின்சாரம் கொடுக்கக் கூடாது. வெப்பத்தை ஏற்கத் திரவம் இல்லாததால் குழாய் பழுக்கச் சூடாகி வெடித்துப் பாழாகும். கூலன்டை மாற்றிய பிறகு ஹீட்டரைச் சுற்றிக் காற்றுக்குமிழ் தங்கியிருக்கக்கூடும். எனவே இன்ஜினை இயல்பான வெப்பநிலை வரை ஓட்டிக் காற்றை வெளியேற்றி, கூலன்ட் அளவைச் சரிபார்த்த பிறகே ஹீட்டரை இணைக்க வேண்டும். ஹீட்டர் பொருத்திய துளையைச் சுற்றிக் கூலன்ட் கசிந்த தடம் தெரிந்தால், அது திரவக் கசிவு மட்டுமன்று. அந்தத் திரவம் மின்முனைக்குள் இறங்கினால் ஷார்ட்டாகும். பழுது நீக்கும் வரை ஹீட்டருக்கு ஓய்வு கொடுங்கள்.

படி 8: அன்றாடம் இணைக்கும், கழற்றும் முறை

இணைக்கும்போது கார்டை முதலில் வண்டியில் செருகி, அதன் பிறகே சுவரில் செருக வேண்டும். கழற்றும்போது சுவரிலிருந்து முதலில் பிடுங்கி, பிறகு வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். இவ்வாறு செய்தால் மின்சாரம் பாயும் திறந்த முனை எந்த நேரத்திலும் பனியில் கிடக்காது. உங்கள் ஈரக் கையுறைக்குள்ளும் இருக்காது. ஃபின்லாந்தில், வண்டி இல்லாத நேரத்தில் கார்டை மின்சாரத்தோடு கம்பத்தில் தொங்கவிடக் கூடாது என்று குடியிருப்புகளில் திரும்பத் திரும்ப அறிவுறுத்துவது இதனால்தான். சிறுவர்கள் விளையாடும் முற்றத்தில் தொங்கும் அத்தகைய முனை, சொல்லி விளங்கவைக்கத் தேவையில்லாத அபாயம்.

பிளக்கைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு பிளக்குகள் சந்திக்கும் இடம் தரையில் படாமல், நீர் வழிந்து உள்ளே போகாதபடி சற்று உயரத்தில் இருக்கட்டும். வயர் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு தொங்கலாக வளைந்து மேலேறினால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பிளக்கைப் பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரம் உள்ளேயே தங்கிவிடும், சூடாகிறதா என்பதும் தெரியாது.

கார்டோடு வண்டியைக் கிளப்பிப் போய்விடுவது எவருக்கும் நேரக்கூடியது. சாக்கெட் சுவரிலிருந்து பிய்ந்து, மின்சாரம் பாயும் வயர்கள் வெளியே தெரியும்படி ஆகிவிடலாம். கார்டை ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியைச் சுற்றிக் கொண்டுசெல்வது எளிய நினைவூட்டல். அப்படி இழுத்துவிட்டால், பிய்ந்த சாக்கெட்டைத் தொடாமல் முதலில் பிரேக்கரை அணையுங்கள்.

படி 9: எவ்வளவு நேரம்

இரவு முழுவதும் இணைத்துவைப்பதால் இன்ஜின் மேலும் மேலும் சூடாவதில்லை. சில மணி நேரத்தில் அது எட்டும் வெப்பநிலை அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு மணியும் இணைப்புகளைச் சூட்டில் வைத்திருக்கும் மணிதான். புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் இணைப்பதே பெரும்பாலான இரவுகளுக்குப் போதும். −20 டிகிரிக்குக் கீழே மூன்று மணி நேரம், பெரிய டீசல் இன்ஜினுக்கு நான்கு. 1000 வாட் ஹீட்டர் 12 மணி நேரத்தில் 12 யூனிட்டும், மூன்று மணி நேரத்தில் 3 யூனிட்டும் எடுக்கும்.

இதற்கு டைமர் வேண்டும். அது வெளிப்புறப் பயன்பாட்டுக்கானதாகவும், உங்கள் ஹீட்டரின் ஆம்பியரைத் தொடர்ந்து தாங்குவதாகவும், மூன்று முள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். அலங்கார விளக்குகளுக்கான சிறிய டைமர்களும் வீட்டுக்குள் வைக்கும் வைஃபை பிளக்குகளும் இதற்கு ஆகா. டைமரும் ஓர் இணைப்புதான் என்பதால், அதையும் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு உட்படுத்துங்கள்.

படி 10: துண்டிப்பான் விழுந்தால், வண்டியைத் தொட்டு அதிர்ந்தால், புகை வந்தால்

துண்டிப்பான் ஒருமுறை விழுந்தால் மீண்டும் போட்டுப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் விழுந்தால் காரணத்தைத் தேடுங்கள். கார்டைத் தனியே வீட்டுக்குள் கொண்டுவந்து உலர்த்தி, துண்டிப்பான் காப்புள்ள சாக்கெட்டில் ஒரு விளக்கை இணைத்துச் சோதித்தால், பழுது கார்டிலா வண்டியிலா என்பது பிரிந்துவிடும். கோடை முழுவதும் பயன்படாத ஹீட்டருக்குள் நிரப்பப்பட்டுள்ள மெக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சுவதால் பருவத் தொடக்கத்தில் கசிவு காட்டுவதும் உண்டு. காரணம் எதுவானாலும், துண்டிப்பான் இல்லாத சாக்கெட்டுக்கு மாற்றி ஓட்டுவது தீர்வாகாது. கசிவு நீங்காத ஹீட்டரை மாற்றியே ஆகவேண்டும்.

வண்டியைத் தொடும்போது மெல்லிய கூச்சம்போல் அதிர்ந்தாலும், மறுபடி தொட்டு உறுதிசெய்ய முயல வேண்டாம். எவரையும் அருகில் விடாமல், வீட்டுக்குள் சென்று பிரேக்கரை அணையுங்கள். காலணி அணிந்திருந்ததால் மெல்லியதாக உணரப்பட்ட அதே கசிவு, ஈரக் காலோடு நிற்பவரின் உயிரைப் பறிக்கக்கூடும்.

பானட்டிலிருந்து புகையோ தீயோ வந்தாலும் முதல் வேலை பிரேக்கரை அணைப்பதுதான். மின்சாரம் இருக்கும் வரை நீரை ஊற்றாதீர்கள். பானட்டை அகலத் திறந்தால் காற்று புகுந்து தீ பெருகும். விலகி நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள். வண்டி கேரேஜுக்குள் இருந்தால் வீட்டிலுள்ள அனைவரையும் வெளியேற்றுவது அதற்கும் முந்தியது.

படி 11: பருவம் முடிந்த பிறகு

கார்டைத் துடைத்து, உப்பை ஈரத்துணியால் அகற்றி, உலர்ந்த பின் பெரிய வளையங்களாகச் சுற்றிவையுங்கள். சுற்றும்போதே விரல்களுக்கிடையே ஓடவிட்டால் வெட்டும் வெடிப்பும் தட்டுப்படும். வண்டிப் பிளக்குக்கு மூடியிட்டு, வயரைக் கட்டிவிடுங்கள். ஹீட்டரின் ஓம் அளவையும் அளந்த தேதியையும் கையேட்டின் உட்புற அட்டையில் எழுதிவைத்தால், அடுத்த இலையுதிர் காலத்தில் அளக்கும் எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி எழாது.